முயல்கானத்தில் ஓசையற்ற அலுவலகம்

முயல்கானம் கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தைப் போல அமைதியான இடம் ஏலமலையில் வேறெங்கும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இரைச்சல் உண்டு. சர்ச்சில் பாட்டு உண்டு. ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில்கூடப் பெண்கள் பேசிச் சிரிப்பது ரோடு வரைக்கும் கேட்கும். பஞ்சாயத்து ஆபீஸில் மட்டும் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒரு சத்தமும் இருக்காது. பிளைவுட் அடைத்த கேபினுக்குள் செக்ரட்டறி ஜோமோன் சார் இருந்தார். வெளியே ஹெட் கிளார்க் தனபாலும் இன்னும் நாலு பேரும் ஆளுக்கொரு மேசையில் இருந்தார்கள். இருந்தார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முன்பக்கக் கவுன்ட்டரில் இருந்தவள் மாரீஸ்வரி. வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்த்திருந்தார்கள். தற்காலிகம் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. ஒவ்வொரு மார்ச் மாதமும் அவளை வீட்டுக்கு அனுப்பி, ஏப்ரலில் திரும்பக் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஜனங்கள் பிறப்பு, இறப்பு, கல்யாணம், குடியிருப்பு என்று எந்தச் சான்றிதழுக்கு வந்தாலும் நேராக அவளிடம்தான் வருவார்கள். மற்ற மேசைகளுக்குப் போனால் அவளிடம் போகச் சொல்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவளுடைய பழைய கீபோர்டில் ஏழு எழுத்துகள் செத்துப் போயிருந்தன. புதியது கேட்டு ஒன்றேகால் வருடத்தில் ஒன்பது கடிதம் கொடுத்தாள். அந்தக் கீபோர்டிலேயே அடித்த கடிதங்கள் என்பதால், எழுத்துப் பிழை மிகுதியாக உள்ளது என்று ஒன்பதும் திரும்பி வந்தன. பத்தாவது கடிதத்தை பக்கத்து ஊரான ஆனவிலாசத்தில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் காசு கொடுத்து அடித்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த ஜோமோன் சார், இவ்வளவு நன்றாக அடிக்க முடிகிறவளுக்கு எதற்குப் புதுக் கீபோர்டு என்று குறிப்பு எழுதினார். ஆனாலும் நிதியாண்டு முடியப் போகிறது, எதையாவது வாங்கியாக வேண்டும் என்பதால் டெண்டர் விட்டார்கள்.

எப்படிப்பட்ட கீபோர்டு வேண்டும் என்று எழுதும் பொறுப்பு தனபாலுக்கு. அவர் இன்டர்நெட்டில் தேடி, ஐந்து கோடி முறை அழுத்தினாலும் தேயாதது என்ற வரியைக் கண்டுபிடித்து அதையே எழுதிவிட்டார். இந்த அலுவலகத்தின் வேகத்துக்கு அது எழுநூறு வருடம் வரும்.

வந்தது மெக்கானிக்கல் கீபோர்டு. கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு விளையாடுகிறவர்கள் வைத்துக்கொள்வது. செங்கல் கனம். பிளக்கைச் சொருகியதும் திருவிழாச் சப்பரம் போலப் பச்சையும் சிவப்புமாக விளக்கு ஓடியது. மாரீஸ்வரி பயந்துகொண்டே ஓர் எழுத்தைத் தட்டினாள். டிக்கடக் என்று ஒரு சத்தம் ஹாலைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இடைவெளிப் பட்டையைத் தட்டியபோது ஓட்டுமேல் தேங்காய் விழுந்தாற்போல் இருந்தது. தனபால் திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

அதோடு போயிருந்தால் பழகிப் போயிருக்கும். ஆனால் அன்றைக்கு வரிசையில் நின்ற ஒரு கிழவர், காது சற்று மந்தமானவர், அதனாலேயே உரக்கப் பேசுகிறவர், பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"இந்தப் புள்ள மட்டுந்தேன் வேலை பாக்குதுபோலடா. மத்தவுக மேசையிலருந்து ஒரு சத்தத்தையும் காணோமே!"

வரிசை முழுவதும் சிரித்தது. ஐந்து மேசைகளும் நிமிர்ந்து பார்த்தன. பிளைவுட் கேபினுக்குள் நாற்காலி நகர்ந்தது.

மறுநாள் காலை மாரீஸ்வரியின் மேசையில் ஒரு மெமோ இருந்தது. அலுவலக நேரத்தில் பொதுமக்கள் முன்னிலையில் சத்தமாகத் தட்டச்சு செய்தமைக்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும். அவள் உடனே உட்கார்ந்து, கீபோர்டு அப்படி, நான் என்ன செய்யட்டும் என்று பணிவாக விளக்கம் அடித்தாள். அடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. மத்தியானம் இரண்டாவது மெமோ வந்தது. முதல் மெமோவுக்கான விளக்கத்தை, முதல் மெமோவுக்குக் காரணமான அதே முறையில் தயாரித்தமைக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"கையால எழுதியிருக்கலாம்லம்மா" என்றார் தனபால்.

"கையால எழுதுன எதையும் வாங்க மாட்டோம்னு போன வருசம் சர்க்குலர் போட்டது நீங்கதான சார்?"

"அது போன வருசம்" என்றார் தனபால்.

மூன்றாம் நாள் ஜோமோன் சாரே அவளைக் கேபினுக்குள் கூப்பிட்டார். அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். தமிழ் தனக்கு நன்றாகப் பேச வரும் என்பது அவருடைய நம்பிக்கை. மலையாளத்தின் வாலைக் கொஞ்சம் நறுக்கினால் தமிழ் என்று வைத்திருந்தார்.

"மாரீஸ்வரி, நான் கோபத்துல பறையறதில்லா, கேட்டோ. இருபத்திரண்டு வருசம் சர்வீஸ். அஞ்சு பஞ்சாயத்து. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ஜோமோன் வேலை செய்யற சத்தம் கேட்டுச்சுன்னு புகார் சொல்லிட்டுண்டோ? இல்லா. அதாணு ஒழுங்கு. நீ வந்து டக் டக்குன்னு அடிச்சால் வெளிய நிக்கற ஆளுக்கு என்ன தோணும்? இங்க வேலை நடக்குதுன்னு தோணும். பின்னே நம்ம மேசைக்கெல்லாம் வந்து நிப்பாங்க. அப்போ ஆபீஸ் எப்படி நடக்கும்?"

"வேற கீபோர்டு வாங்கிக் குடுத்துட்டாப் போதும் சார்."

"அது பற்றில்லா, முடியாது. அஞ்சு கோடி அழுத்து தீர்ந்தாத்தான் இது கேடாயின்னு எழுத முடியும். எத்தனை அழுத்து ஆயி?"

மாரீஸ்வரிக்குத் தெரியவில்லை.

"அதான் பிரச்சினை. ஒண்ணுக்கும் ரெக்கார்டு வைக்கறதில்லா" என்றார் ஜோமோன் சார் வருத்தத்தோடு.

சத்தத்தைத் தானே குறைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஏலக்காய்ச் சாக்கை நாலாக மடித்துக் கீழே போட்டுப் பார்த்தாள். மேசை அதிர்வது நின்றது, சத்தம் நிற்கவில்லை. எழுத்துகளை விரல் நுனியால் பூப்போலத் தொட்டுப் பார்த்தாள். தொட்டால் எழுத்து விழாது, அழுத்தினால்தான் விழும், அழுத்தினால் டிக்கடக். வீட்டிலிருந்து தன் தம்பியின் பழைய கீபோர்டைக் கொண்டுவந்து சொருகினாள். சத்தமே இல்லாத நல்ல கீபோர்டு. அரசாங்கக் கம்ப்யூட்டரில் தனியார் கருவியைச் சொருகுவது தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அரை மணி நேரத்தில் அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். தம்பி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் கீபோர்டைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜின்சனிடம் போனாள். ஜின்சன் ஓர் எழுத்தைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்குக்கா. அதுக்குள்ள ஒரு தகடு. அந்தத் தகடு சத்தம் போடறதுக்குன்னே வச்சிருக்கான். இது ரிப்பேர் இல்ல, இது அதோட குணம்."

"குணத்தைக் குறைக்க முடியாதா?"

"பாதி குறைக்கலாம்."

ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற பம்பின் நாசிலுக்குப் போடும் ரப்பர் வளையம் அவனிடம் ஒரு பொட்டலம் இருந்தது. நூற்றி நாலு எழுத்துக்கும் ஆளுக்கொன்றாக மாட்டினான். அடியில் செருப்புத் தைக்கிற ஸ்பாஞ்சை வெட்டி வைத்தான். தகடுகளில் கிரீஸ் தடவினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்து மிச்சத்தையும் முடித்துக் கொடுத்தான். தட்டிப் பார்த்தால் டிக்கடக் போய் மொத்து மொத்தென்று கேட்டது. மாரீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு நாள் நிம்மதி. புதன்கிழமை சாமான் சரிபார்க்கும் நாள். தனபால் கீபோர்டைத் தூக்கினார். முன்பைவிடக் கனத்தது. ஓர் எழுத்தை நெம்பிப் பார்த்தார். கறுப்பு வளையம்.

அரசுச் சொத்துக்குள் தனியார் ரப்பர் என்று தலைப்பிட்டு ஒரு கோப்பு திறந்தார்கள். அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோனது ஒரு குற்றம், அனுமதியில்லாமல் திறந்தது ஒரு குற்றம், இருப்புப் பதிவேட்டில் இல்லாத நூற்றி நாலு பொருளை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது நூற்றி நாலு குற்றம். வளையங்களைச் சாட்சிகள் முன்னிலையில் கழற்றி, எண் போட்டு, தனித்தனி உறையில் வைக்க உத்தரவானது. ஒருவர் எழுத்தைக் கழற்றினார், ஒருவர் வளையத்தை எடுத்தார், ஒருவர் உறையில் எண் போட்டார், ஒருவர் ஒட்டினார், தனபால் கையெழுத்துப் போட்டார். அந்த ஐந்து பேரும் ஒரு நாள் முழுக்க வியர்க்க வியர்க்க வேலை பார்த்ததை மாரீஸ்வரி அன்றைக்குத்தான் கண்டாள். டீ குடிக்கக்கூடப் போகவில்லை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நூற்றி மூன்றுதான் இருந்தது. காணாமல் போன ஒரு வளையத்தைத் தேடத் துணைக் குழு ஒன்று அமைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளிலிருந்து டிக்கடக் திரும்பி வந்தது. கிரீஸையும் துடைத்துவிட்டிருந்ததால் முன்பைவிடக் கணீரென்று கேட்டது.

அன்றே புது உத்தரவும் வந்தது. ஒலி குறித்த தொழில்நுட்ப ஆய்வு முடியும்வரை தட்டச்சு நிறுத்திவைக்கப்படுகிறது. பொதுமக்கள் நலன் கருதி, மதியம் ஒன்று முதல் இரண்டு வரை மட்டும் தட்டச்சு செய்யலாம். மாரீஸ்வரி ஒரு மணிக்கு உட்கார்ந்தாள். தனபால் வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். மதிய இடைவேளையில் அலுவலகம் இயங்கக் கூடாது என்ற உத்தரவு ஏற்கெனவே இருந்தது.

இந்த நேரத்தில்தான் மதலேனம்மாளும் அவள் மகள் மௌனிகாவும் எட்டாவது முறையாக வந்து நின்றார்கள். மதலேனம்மாள் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். மௌனிகா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். தேனியில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழைக் காட்டியபோதுதான் தெரிந்தது, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பஞ்சாயத்தில் யாரோ அவளை ஆண் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். திருத்தம் கேட்டு மனு கொடுத்து, மருத்துவமனைச் சீட்டு, பள்ளிச் சீட்டு, வார்டு மெம்பர் சீட்டு எல்லாம் கொடுத்து, ஜோமோன் சாரும் பச்சை மையில் 'அங்கீகரிக்கலாம்' என்று எழுதி முடித்தாயிற்று. இனி டைப் அடித்து எடுப்பது ஒன்றுதான் பாக்கி.

"சனிக்கிழமைக்குள்ள பேப்பர் வைக்கலைன்னா சீட்டை வேற புள்ளைக்குக் குடுத்துருவாகளாம்த்தா" என்றாள் மதலேனம்மாள். "ஒரு எழுத்துத்தான மாத்தணும்? ரெண்டு தட்டு தட்டுனா முடிஞ்சிராது?"

"முடிஞ்சிரும்க்கா. தட்டுறதுக்குத்தான் தடை."

மதலேனம்மாளுக்குப் புரியவில்லை. மாரீஸ்வரிக்கும் புரியவில்லை என்பதால் அவளாலும் விளக்க முடியவில்லை. மௌனிகா மட்டும், "அக்கா, நான் பொண்ணுதான்னு அவுக எல்லாரும் ஒத்துக்கிட்டாகளா?" என்று கேட்டாள்.

"ஒத்துக்கிட்டாக. ஆனா சத்தமில்லாம ஒத்துக்கணுமாம்."

மாரீஸ்வரி கோப்பை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போனாள். இந்த ஒன்றை மட்டும் அடிக்க விடுங்கள் என்றாள். ஒன்றுக்கு விட்டால் நாற்பத்து மூன்றுக்கும் விட வேண்டி வரும் என்றார் ஜோமோன் சார். அப்போதைக்கு நாற்பத்து மூன்று மனுக்கள் கையெழுத்தாகி, டைப்புக்காகக் காத்துக் கிடந்தன. "நீதி எல்லாருக்கும் ஒண்ணாணு. ஒருத்தருக்கும் குடுக்கலைன்னா ஒருத்தருக்கும் அநியாயம் இல்லா."

ஒலி அளக்க ஜில்லாவிலிருந்து ஓர் அதிகாரி டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியோடு வந்தார். கீபோர்டின் சத்தம் அறுபத்திரண்டு டெசிபல், சீலிங் ஃபேன் அறுபத்து நாலு, வெளியே போகும் ஜீப் எண்பது, அனைத்தும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் என்று எழுதிக் கொடுத்தார். இந்த அறிக்கையில் தெளிவில்லை என்று ஜோமோன் சார் திருப்பி அனுப்பினார். மற்ற எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டுமாம். ஃபேன்களை அணைத்தார்கள். ரோட்டில் ஆள் நிறுத்தி ஜீப்புகளை மறித்தார்கள். வரிசையில் நின்றவர்களை இருமாமல் இருக்கச் சொன்னார்கள். இப்போதும் கருவியில் முள் ஆடியது. கீபோர்டை யாரும் தொடவே இல்லை. அதிகாரி கருவியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, ஒவ்வொரு மேசையாகத் தாண்டி, பிளைவுட் கேபின் வாசலில் போய் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அடையாளம் தெரியாத தொடர் ஒலி, ஐம்பத்தெட்டு, ஏற்ற இறக்கத்துடன், என்று குறித்துக்கொண்டார். மௌனிகா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அந்த இரண்டாவது அறிக்கை யார் கண்ணிலும் படவில்லை. அதற்குப் பதிலாக மறுநாளே பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கீபோர்டைப் பீரோவில் வைத்து அரக்கு முத்திரை இடுவது. முயல்கானத்தை மாநிலத்தின் முதல் 'ஓசையற்ற அலுவலகம்' என்று அறிவிப்பது. வெள்ளிக்கிழமை காலை திறப்பு விழா. ஜில்லாவிலிருந்து ஓர் உயரதிகாரி தலைமை.

ஓசையற்ற அலுவலகத்தின் திறப்பு விழாவுக்கு இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர் நாலு, ஜெனரேட்டர் ஒன்று, பன்னிரண்டு பேர் கொண்ட செண்டை மேளம் ஒரு செட்டு ஏற்பாடாகியிருந்தது. மேளத்துக்குத் தலைமை சந்துரு. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன், செண்டை அவனுக்கு உயிர்.

காலை பத்தரைக்கு மேளம் தொடங்கியது. தற்காலிக ஊழியருக்கு மேடையருகே நாற்காலி இல்லை என்பதால், போன் வந்தால் எடுக்க மாரீஸ்வரியை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கீபோர்டு மேசைமேல் சிவப்புத் துணி போர்த்தி, மாலை போட்டு, முத்திரைக்குத் தயாராக இருந்தது. கவுன்ட்டருக்கு வெளியே மதலேனம்மாளும் மௌனிகாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சர்டிபிகேட் வராது என்று சொல்லியும் வந்திருந்தார்கள். வேறெங்கே போவது?

உயரதிகாரியின் வண்டி குமுளி ரோட்டில் மரம் விழுந்ததில் மாட்டிக்கொண்டது. அவர் வரும்வரை நிறுத்தாமல் அடிக்கும்படி மைக்கில் சொன்னார்கள். சந்துருவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பீரோ நடுங்கியது. மதலேனம்மாள் எதையோ சொன்னாள். உதடு அசைவதுதான் தெரிந்தது.

மாரீஸ்வரி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மாலையைக் கழற்றி வைத்தாள். சிவப்புத் துணியை உருவிக் கீபோர்டைச் சொருகினாள். ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்தாள். அவளுக்கே கேட்கவில்லை.

முதலில் மௌனிகாவைப் பெண்ணாக்கினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கை நிற்கவில்லை. அடுத்த கோப்பை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். கல்யாணம் ஆனவர்கள், செத்தவர்கள், வீடு கட்டினவர்கள் என்று ஒவ்வொருவராக அடித்துத் தள்ளினாள். பத்துப் பதினைந்து நாளாகக் கட்டிப்போட்டிருந்த விரல்கள்.

பொன்னாடை எடுக்க உள்ளே வந்த தனபால் அப்படியே நின்றுவிட்டார். ஜோமோன் சாருக்குக் கம்ப்யூட்டரில் கையெழுத்திட வராது என்பதால், அதற்கான பென் டிரைவ் மாதிரிச் சின்னக் குச்சி எப்போதும் தனபாலின் சட்டைப் பையில்தான் இருக்கும். அவர் போட்டால்தான் சான்றிதழ் செல்லும். மாரீஸ்வரி எதுவும் கேட்கவில்லை. பச்சை மையில் கையெழுத்தான கோப்புகளை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். தனபால் ஜன்னல் வழியே மேடையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த பெண்ணைப் பார்த்தார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பிறப்புப் பதிவு மேசையில் யார் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அவர்தான் இருந்தார்.

குச்சியை எடுத்துச் சொருகினார். அவள் காதருகே குனிந்து கத்தினார்: "மேளம் நிக்கறதுக்குள்ள முடிச்சிரும்மா!"

பன்னிரண்டு மணிக்கு உயரதிகாரி வந்தபோது நாற்பத்து மூன்றும் முடிந்திருந்தது. தாயும் மகளும் தேனிக்குப் போகக் கம்பம்மெட்டு ஜீப்பில் ஏறிப் போயிருந்தார்கள். கீபோர்டு மாலையும் துணியுமாக முன்போலவே இருந்தது. அரக்கு வைத்தார்கள், கைதட்டினார்கள். உயரதிகாரி மைக்கில், இந்த அலுவலகம் இன்று எத்தனை சான்றிதழ் வழங்கியது என்று அறிய விரும்புகிறேன் என்றார். பேச்சுக்கு நடுவே கேட்டுவைக்கிற கேள்விதான். தனபாலுக்குப் பொய் சொல்ல நேரம் போதவில்லை. "நாற்பத்து மூணு சார்" என்று சொல்லிவிட்டார்.

ஜோமோன் சாருக்கு ஒரு நொடி முகம் வெளுத்தது. ஆனால் இருபத்திரண்டு வருட சர்வீஸ் சும்மாவா? மைக்கை வாங்கினார்.

"இதுதான் நான் எப்பவும் பறையறது. கீபோர்டு இருந்த மாசம் பூராவும் இருபது சர்டிபிகேட். கீபோர்டை எடுத்த நாள் நாற்பத்து மூணு. அப்போ தடை என்னாணு? கீபோர்டாணு! நான் ஒண்ணும் செய்தில்லா. ஒண்ணும் செய்யாமல் இருக்கறதுதான் என்னோட வழி. அதோட பலன் நீங்க பாக்கறீங்க."

கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது.

ஒரு மாதத்தில் ஜில்லா முழுக்கத் திட்டத்தை விரிவாக்கினார்கள். கீபோர்டுகளைச் சேகரித்துப் பீரோக்களில் வைத்தார்கள். சான்றிதழ் ஒன்றுகூட வெளியே வரவில்லை என்று தெரிந்ததும், மற்ற அலுவலகங்களுக்குச் செயல்முறை தெரியவில்லை என்று முடிவு கட்டி, பயிற்சி கொடுக்க மாரீஸ்வரியை அனுப்பினார்கள். அறுபது கிளார்க்குகள் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பொய் சொல்ல அலுப்பாக இருந்தது.

"நான் கீபோர்டுலதான் அடிச்சேன்" என்றாள். "வெளிய செண்டை அடிச்சாங்க. யாருக்கும் கேக்கலை. அவ்வளவுதான்."

அறுபது பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் சிரிக்கக்கூட இல்லை. ஒரு பெண் மட்டும் கை தூக்கி, "செண்டை எத்தனை பேர் அடிக்கணும் மேடம்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரமே சர்க்குலர் வந்துவிட்டது. ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை அலுவலக வளாகத்தில் செண்டை மேளம் நடைபெற வேண்டும். அந்த நேரத்தில் சாட்சிகள் முன்னிலையில் பீரோவின் முத்திரையை உடைத்துத் தட்டச்சு செய்யலாம். மேளம் நின்றதும் மீண்டும் முத்திரை இட வேண்டும். மேளம் இல்லாமல் தட்டச்சு இல்லை. மாரீஸ்வரியின் பதவிப் பெயரைத் தற்காலிக டைப்பிஸ்ட் என்பதிலிருந்து தற்காலிக மேள ஒருங்கிணைப்பாளர் என்று மாற்றினார்கள்.

ஜனங்களும் பழகிக்கொண்டார்கள். ஜனங்கள் எதற்குத்தான் பழகவில்லை? புதன்கிழமை மலையில் செண்டைச் சத்தம் கேட்டால், பஞ்சாயத்தில் வேலை நடக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மௌனிகா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று மதலேனம்மாள் ஒரு புதன்கிழமை வந்து கத்திச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் சந்துருவின் அப்பா இறந்துபோனார். பதினாறு நாள் செண்டையைத் தொடக் கூடாது. தலைவன் இல்லாமல் செட்டும் அடிக்காது என்பதால் அந்தப் புதன்கிழமை மேளம் இல்லை. ஒரு செட்டுக்குத்தான் டெண்டர் இருந்தது, வேறு செட்டைக் கூப்பிட வழியில்லை. மறுநாள் காலை சந்துருவே மொட்டைத் தலையோடு கவுன்ட்டரில் வந்து நின்றான். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

"லயத்து வீடு அப்பா பேர்லதான்க்கா இருக்கு. நாளைக்குள்ள சர்டிபிகேட் குடுத்தா என் பேருக்கு மாத்திருவாக. இல்லைன்னா வேற ஆளுக்கு ஒதுக்கிருவோம்னு தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிட்டாக. அம்மாவை வச்சுக்கிட்டு எங்க போக?"

மாரீஸ்வரி கேபினுக்குப் போய்ச் சொன்னாள். ஜோமோன் சார் சர்க்குலரைப் படித்துக் காட்டினார். அடுத்த மேளம் என்றைக்கோ அன்றைக்கு அடிக்கலாம் என்றார்.

"மேளம் அடிக்கிறவனோட அப்பாதான் சார் செத்துப் போனது."

"அப்போ சாவுக்கு லீவு எடுத்தது அவனாணு. தாமசத்துக்குக் காரணம் மனுதாரர்தான்னு எழுதிடு."

அவள் வெளியே வந்தாள். ஹாலில் வழக்கமான அமைதி. ஐந்து மேசைகள். தனபால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். மாரீஸ்வரி மேசை டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பீரோவின் முத்திரைக் கயிற்றை வெட்டினாள். அரக்குத் துண்டுகள் தரையில் உதிர்ந்தன. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து தன் மேசையில் வைத்துச் சொருகினாள். பச்சையும் சிவப்புமாக விளக்கு ஓடியது.

இறந்தவர் பெயர் என்றாள். சந்துரு சொன்னான். டிக்கடக் டிக்கடக் என்று அந்தப் பெயர் ஹால் முழுக்கக் கேட்டது. நாலு பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். தனபால் எழவில்லை. சட்டைப் பையைத் தடவிக் குச்சியை எடுத்து, யாரையும் பார்க்காமல் அவள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கேபின் கதவு தடாரென்று திறந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஜோமோன் சார் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். சஸ்பென்ஷன் என்றார், கோர்ட் என்றார், மலையாளத்தில் என்னவெல்லாமோ சொன்னார். வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். சந்துரு கவுன்ட்டருக்கு மேல் குனிந்தான்.

"அக்கா, வேண்டாம்க்கா. சார் இவ்வளவு சத்தம் போடுறாரே?"

மாரீஸ்வரி திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரியை அடித்தாள்.

"போடட்டும்ப்பா. அவரும் ஒரு நாளாவது ஏதாவது வேலை பாக்கட்டும். நீ அப்பா வயசச் சொல்லு."